ராயக்கோட்டை ரோடு லேத் பட்டறை: பழைய ரம்பத்துக்கு உயிர் கொடுத்த வேலை

எங்கள் தச்சுப் பட்டறையில் இருக்கிற 12 இஞ்ச் வட்ட ரம்பம் அப்பா 1987-ல் வாங்கியது. போன தை மாதம் இடம் மாற்றும்போது குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போது சரிந்து விழுந்து, மேசையைச் சாய்க்கிற வளைவுத் தாங்கி இரண்டு இடத்தில் விரிந்துவிட்டது. காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு. எங்கு தேடியும் இதற்குப் பாகம் கிடைக்கவில்லை.

முதலில் பக்கத்திலேயே ஒரு கடையில் கொடுத்தேன். இரும்பு கேட், கிரில்லுக்கு அடிக்கிற சாதா வெல்டிங் ராடிலேயே வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. வெல்டிங் அப்படியே இருக்க, அதன் ஓரத்திலேயே புது விரிசல். மனசே விட்டுப்போச்சு.

அப்புறம்தான் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிற இந்த லேத் பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகைகூடக் கிடையாது. பெரியவர் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கார்பன் ஜாஸ்தி, சாதா ராடுல அடிச்சா ஓரம் கண்ணாடி மாதிரி ஆயிடும், ஆறும்போதே விட்டுடும்" என்றார். காஸ்ட் அயர்னில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்குமாம், சாதா இரும்பில் கால் சதவீதம்கூட இருக்காதாம். பழைய வெல்டிங்கை முழுக்கத் தேய்த்து எடுத்து, விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க அதன் நுனியில் சின்னத் துளை போட்டு, பள்ளம் வெட்டி, பாகம் முழுவதையும் கரி அடுப்பில் மெதுவாகச் சூடேற்றி, கேஸ் நெருப்பில் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். இரும்பு உருகாமல் பித்தளை மட்டும் உருகிப் பிடித்துக்கொள்வதுதான் இதில் விஷயம். பிறகு சாம்பலுக்குள் புதைத்துவிட்டு, மறுநாள் காலை வரை யாரையும் தொட விடவில்லை. அவசரப்பட்டு வெளியே எடுத்திருந்தால் மறுபடியும் விரிந்திருக்கும்.

ரம்பத் தகட்டைச் சுழற்றுகிற ஷாஃப்ட் விஷயத்தில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. 6205 என்கிற அளவு பேரிங் உட்காருகிற இடம் 25 மி.மீ. இருக்க வேண்டும், தேய்ந்து பேரிங் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. முன்பு யாரோ பேரிங் இறுகட்டும் என்று அந்த இடத்தில் பஞ்ச் குத்தி ஒப்பேற்றியிருக்கிறார்கள். வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுங்கள் என்று நான்தான் கேட்டேன், செலவு குறையுமே என்று. அவர் மறுத்துவிட்டார். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிற ஷாஃப்ட், பக்கத்தில் ஆள் நிற்கிறான், வேண்டாம் என்று சொல்லி, இஎன்8 என்கிற எஃகுக் கம்பியில் புதிதாகவே கடைந்து, கீவே (கட்டை பொருந்துகிற பள்ளம்) வெட்டி, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்துக் காட்டிய பிறகுதான் கையில் கொடுத்தார்.

மொத்தம் 3,400 ரூபாய், இரண்டு பேரிங்கும் சேர்த்து. நான்கு மாதமாக வேப்பங்கட்டை, பலாக்கட்டை எல்லாம் அறுக்கிறேன். மேசை அசையவில்லை, பழைய அதிர்வும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மூன்று நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார்கள், போனும் எடுக்கவில்லை, நேரில் போய் நின்றால்தான் வேலை நகருகிறது. பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். கணக்கு காட்ட வேண்டியவர்களுக்கு அது சிரமம்.

போகிறவர்கள் ஷாஃப்டோடு புது பேரிங்கையும் கையோடு கொண்டுபோங்கள், அதை வைத்து அளவு பார்த்துத்தான் கடைவார். மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரி வேலைகள் அங்கே குவிந்துவிடும், சித்திரைக்கு முன்னால் கொடுத்துவிடுவது நல்லது.