வீட்டுப்படி வாங்கும் போதகர்களின் வரிக்கணக்கு: ஒரு மென்பொருளோடு பல பருவங்கள்

அமெரிக்காவில் வரிப் படிவம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர்களில் கணிசமானோர் சிறு சபைகளின் போதகர்கள். தன்னார்வலர்கள் நடத்தும் இலவச வரி உதவி முகாம்களில் வீட்டுப்படி (வீட்டுச் செலவுக்கென்று சபை ஊதியத்தில் ஒதுக்கும் தொகை) என்றதுமே "இது எங்கள் வரம்பில் வராது" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அலைந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பல ஆண்டுகளாக ஒரே தொழில்முறை மென்பொருளில்தான் இவர்களுடைய கணக்கை முடிக்கிறேன். பெயர் வேண்டாம், வேறு சிலவற்றையும் ஓட்டிப் பார்த்தேன், குறைகள் ஏறக்குறைய அதே இடங்களில்தான் இருக்கின்றன. கூட்டல் கழித்தலில் அது சறுக்கியதே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதில்தான் சிக்கல்.

போதகருக்கு வரிச் சட்டத்தில் இரண்டு முகங்கள். வருமான வரிக்கு அவர் சபையின் ஊழியர். சமூகப் பாதுகாப்பு வரிக்கு அவர் சுயதொழில் செய்பவர். சபை டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம் தரும். ஆனால் அதில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) கட்டங்கள் காலியாக இருக்கும். 15.3 சதவீத சுயதொழில் வரியை அவரே கட்ட வேண்டும். வீட்டுப்படிக்கு வருமான வரி இல்லை, சுயதொழில் வரி உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆண்டுக்கு மொத்தம் 60,000 டாலர். அதில் 22,000 வீட்டுப்படி. டபிள்யூ-2 முதல் கட்டத்தில் 38,000 மட்டுமே தெரியும். சுயதொழில் வரியோ முழு 60,000-க்கும் உண்டு: அதன் 92.35 சதவீதத்தில் 15.3 சதவீதம், அதாவது ஏறக்குறைய 8,478 டாலர். என் மென்பொருளில் டபிள்யூ-2 திரையில் "மதகுரு" என்ற கட்டத்தைத் தட்டி, அதற்குள் இன்னொரு திரைக்குப் போய்ப் படியை உள்ளிட்டால்தான் இந்த எண் வரும். தட்டினாலும் உள்ளே போக மறந்தால் 22,000 கணக்கில் ஏறாது, வரி 3,100 டாலர் குறைந்துபோகும். எச்சரிக்கை எதுவும் வராது. திருப்பித் தரும் பணம் பெரிதாகத் தெரிவதால் போதகருக்கும் மகிழ்ச்சி, ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கடிதம் வரும்வரை.

அந்த உள்திரைதான் என் பெரிய மனக்குறை. அது இரண்டு எண்களைத்தான் கேட்கிறது: சபை ஒதுக்கியது, வீட்டுக்குச் செலவிட்டது. சட்டம் மூன்று எண்களைக் கேட்கிறது. மூன்றாவது, சாமான்களோடு சேர்த்து அந்த வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய நியாயமான வாடகையும், அதற்கு மேல் மின்சாரம், தண்ணீர் போன்ற செலவும். இந்த மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. விலக்கின் அளவு குறித்துப் போதகர் ரிக் வாரன் தொடுத்த வழக்கு பெரிதானதையடுத்து 2002-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இந்த வாடகை உச்சவரம்பைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தத் திரைக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதனால் பெரிதாகப் பாதிப்பில்லை. கடன் முடிந்த சொந்த வீட்டில் புதுச் சமையலறை கட்டிய ஆண்டில், செலவு வாடகை மதிப்பைத் தாண்டி எங்கோ போய்விடும்.

ஆகையால் பக்கத்தில் ஒரு விரிதாள் எப்போதும் திறந்திருக்கும். மேற்சொன்ன போதகர் உண்மையில் 19,500 செலவிட்டார், வாடகை மதிப்பு 24,000 என்றால், விலக்கு 19,500-க்குத்தான். மீதி 2,500 டாலர் 1040 என்ற முதன்மை வருமான வரிப் படிவத்தின் 1எச் வரிசையில் வருமானமாக ஏற வேண்டும். எண்ணைச் சரியாகக் கொடுத்தால் மென்பொருள் அந்த இடத்தில் போட்டுவிடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அது கேட்காத இன்னொன்று தேதி. சபைக் குழு வீட்டுப்படியை முன்கூட்டியே தீர்மானமாக எழுதியிருக்க வேண்டும். முடிந்த மாதங்களுக்குப் பின்தேதியிட முடியாது. பிப்ரவரியில் வந்து, "போன ஆண்டுக்கும் இப்போது தீர்மானம் போடலாமா?" என்று கேட்பவர் ஒவ்வொரு பருவத்திலும் ஒருவராவது உண்டு. தீர்மானத்தின் பிரதி கையில் இல்லாமல் நான் அந்தத் திரையைத் திறப்பதில்லை. 4361 படிவமும் அப்படியே. மனச்சாட்சி அல்லது சமயக் கொள்கை காரணமாக அரசுக் காப்பீட்டை எதிர்ப்பவர் சுயதொழில் வரியிலிருந்து விலகலாம். மென்பொருளில் அது ஒரே ஒரு டிக், போட்டதும் வரி பூஜ்யம். ஐஆர்எஸ் ஒப்புதல் அளித்துத் திருப்பி அனுப்பிய பிரதியைப் பார்க்காமல் அதைத் தொடக் கூடாது.

திருமணம், அடக்க ஆராதனைகளுக்காகத் தனியாகக் கிடைக்கும் காணிக்கை, சுயதொழில் வருமானத்துக்கான அட்டவணை சி-யில் வரும். அதற்கான செலவில் வரிவிலக்குப் பெற்ற வீட்டுப்படியின் விகிதத்தைக் குறைத்துத்தான் கழிக்க முடியும் என்பது 1964-இல் வந்த டீசன் என்ற வரி வழக்கின் தீர்ப்பு. காணிக்கை 2,000, செலவு 500 என்றால், காணிக்கையும் சேர்ந்த மொத்த வருமானமான 62,000-இல் 19,500-இன் பங்கான 157 டாலர் போய், கழிக்கக் கிடைப்பது 343. சுயதொழில் வரிக்கு மட்டும் முழு 500-ஐயும் கழிக்கலாம். என் மென்பொருள் இதைத் தானாகச் செய்வதில்லை. கையால் எண்ணை மாற்றி எழுதி, விளக்கத் தாள் ஒன்றை இணைக்கிறேன். போதகர்களுக்கான ஐஆர்எஸ் வெளியீடு 517-இல் இதற்கான பணித்தாள்கள் இருக்கின்றன, இலவசமாக.

வீட்டுப்படியில் கட்டிய வீட்டுக் கடன் வட்டியையும் சொத்து வரியையும் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டும் அட்டவணை ஏ-யில் மறுபடியும் கழித்துக்கொள்ள போதகருக்குச் சட்டமே இடம் தருகிறது. இதை மென்பொருள் தடுப்பதில்லை. நம்ப மறுப்பவர்கள் வாடிக்கையாளர்கள்தான்.

மாநிலப் படிவம் தனிக் கதை. பென்சில்வேனியா ரொக்கமாகக் கொடுக்கும் வீட்டுப்படிக்கு வருமான வரி விதிக்கிறது. மத்தியப் படிவத்திலிருந்து எண்ணை அப்படியே இழுத்துக்கொண்டால் அது விடுபட்டுப் போகும். ஓய்வுபெற்ற போதகர்களின் 1099-ஆர் (ஓய்வூதிய வருமானப் படிவம்) திரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சபை ஓய்வூதியத்திலிருந்து வரும் வீட்டுப்படிக்குச் சுயதொழில் வரி கிடையாது, மென்பொருளும் கேட்காமலே அதை விட்டுவிடுகிறது.

இந்த ஆண்டும் உரிமத்தைப் புதுப்பித்துவிட்டேன். போதகர் வாடிக்கையாளர் ஓரிருவர் மட்டும் இருப்பவர் இதற்காகவே பணம் கட்ட வேண்டியதில்லை. கையிலிருக்கும் எந்த மென்பொருளோடும் 517-ஐ அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.