தொழிலதிபர் அறக்கட்டளையின் டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு) மையம், ஜார்ஜ்டவுன், பினாங்கு

கொடையாளர் பெயர் வாசலில் பெரிதாக மின்னுகிறது, அதை விடுங்கள். ஆர்ஓ தண்ணீர் (சவ்வு வழியே வடிகட்டிய சுத்தநீர்) பரிசோதனை அறிக்கையைக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறார்கள். டயாலிசிஸ் மையத்தை எடைபோட அதுதான் முதல் கேள்வி. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம், 4 மணி நேரத்தில் அந்தத் தண்ணீரில் கலந்த 120 லிட்டர் திரவம் மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் ஓடுகிறது. இந்தப்பக்கம் நோயாளியின் ரத்தம். கூட்டம் இருக்கிறதென்று அந்த 4 மணி நேரத்தை யாருக்கும் குறைப்பதில்லை, பாராட்டலாம்.

சலுகைக் கட்டணச் சிகிச்சைக்கான விண்ணப்பம் சிக்குவது ரத்தப் பரிசோதனையில்தான். ஹெப்பாடைட்டிஸ் பி, சி, எச்ஐவி அறிக்கை பழசாக இருந்தால் நாற்காலி கிடைக்காது. ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் வேண்டும். ஃபிஸ்துலா (ஊசி குத்த வசதியாக அறுவையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட்ட கை தயாராக ஆறு வாரமாவது பிடிக்கும். அதுவரை கழுத்துக் குழாய்தான், கிருமித் தொற்று அதில்தான் அதிகம். ஆகவே சிறுநீரகம் முழுதாகக் கைவிடும்வரை காத்திருக்காதீர்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்கள், டயாலிசிஸ் உதவிக்கு 60 வயதுக்கு முன்பே சொக்சோவிடம் மனுச் செய்துவிட வேண்டும்.

குறை ஒன்று: ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் இபிஓ ஊசி சலுகையில் சேராது. ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்கு மாதச் செலவு அங்கேதான் எகிறும். சேரும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். நோயாளிகளின் பிள்ளைகளுக்கான கல்வி உதவிநிதி விண்ணப்பப் பாரமும் அதே முகப்பில் கிடைக்கிறது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) சான்றிதழ், பெற்றோர் சம்பளச் சீட்டு இருந்தால் போதும்.