காஸா, கரண்டா? கொழும்புச் சமையலறைக்கு ஒரு விலைக் கணக்கு

கொழும்பில் வீட்டைச் சூடாக்க யாரும் செலவழிப்பதில்லை. இங்கே எரிபொருட் செலவு என்பது பிட்டு அவிக்கவும், பருப்பு வேகவும், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவும் போகிற காசுதான். ஆனாலும் அந்தக் காசை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதில் பெரும்பாலான வீடுகள் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. சிலிண்டரின் விலையைப் பார்க்கிறோம், கரண்ட் பில்லின் மொத்தத்தைப் பார்க்கிறோம், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். ஒப்பிட வேண்டியது அவை அல்ல. சட்டிக்குள் போய்ச் சேரும் ஒரு யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே கிலோவாட்-மணி) சூட்டுக்கு என்ன விலை என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் நீலச் சிலிண்டர் லிட்ரோவா, மஞ்சள் சிலிண்டர் லாஃப்ஸா என்ற கேள்வி. லிட்ரோ அரசுக்குச் சொந்தமானது. ஷெல் காஸ் லங்காவை 2010இல் அரசு வாங்கியதிலிருந்து வந்த நிறுவனம். லாஃப்ஸ் தனியார். இரண்டுக்கும் உலகச் சந்தை விலைதான் அடிப்படை. சவூதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலையோடு கப்பற்கூலியும் டொலர் மதிப்பும் சேர்ந்து உள்ளூர் விலையாகின்றன. ஆனால் இரு நிறுவனங்களும் ஒரே நாளில் ஒரே அளவு விலையை மாற்றுவதில்லை. 2024 கடைசியில் கொழும்பில் 12.5 கிலோ லிட்ரோ 3,690 ரூபாய். லாஃப்ஸ் அதைவிடப் பத்து ரூபாய் குறைவாக, 3,680. அடுத்த ஏப்ரலில் லாஃப்ஸ் 4,100க்கு ஏறியது, லிட்ரோ 3,690இலேயே நின்றது. கிலோவுக்கு 295 ரூபாயும் 328 ரூபாயும். சூட்டு அளவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே இந்த இரண்டில் தெரிவு செய்ய விலையும், உங்கள் தெருவில் எது தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது என்பதும் மட்டுமே போதும்.

ஆனால் மாறுவதற்கும் செலவு உண்டு. வெற்றுச் சிலிண்டரை மற்ற நிறுவனத்தின் கடை ஏற்குமா, உங்களிடம் இருக்கும் ரெகுலேட்டர் அந்த வால்வில் சரியாகப் பூட்டுமா என்று முதலில் பாருங்கள். புதுச் சிலிண்டருக்கான முதற்செலவும் ரெகுலேட்டரும் சேர்ந்தால், 410 ரூபாய் வித்தியாசத்தை மீட்க எத்தனையோ சிலிண்டர் எரிக்க வேண்டியிருக்கும். அதற்குள் விலை திரும்பவும் மாறிவிடலாம். ரெகுலேட்டரை வளைத்து, இழுத்து, துணி சுற்றிப் பொருத்துகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சிறிய சிலிண்டர் நட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதே 2024 கடைசி லிட்ரோ விலையை எடுத்துப் பாருங்கள்: 12.5 கிலோ 3,690, 5 கிலோ 1,482, 2.3 கிலோ 694. கிலோவுக்கு முறையே 295, 296, 302. வித்தியாசம் இவ்வளவுதான். ஒரே தடவையில் நாலாயிரம் புரட்ட முடியாத வீடு 5 கிலோ வாங்குவதில் ஏறக்குறைய ஒன்றும் இழப்பதில்லை. இழப்பு வருவது போக்குவரத்தில். ஐந்து கிலோவுக்கு 300 ரூபாய் ஓட்டோக் கூலி கொடுத்தால் கிலோவுக்கு 60 ரூபாய் ஏறிவிடும். அதே கூலி பெரிய சிலிண்டருக்கு 24 ரூபாய்தான். வெள்ளவத்தை மாடி வீடுகளில் மின்தூக்கி இல்லாத நான்காம் மாடிக்கு, காஸும் இரும்புமாக இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டியவர்களுக்குச் சிறியது நல்ல தெரிவு. 2.3 கிலோவில் பெரிய அடுப்பை முழு வேகத்தில் நெடுநேரம் எரித்தால் உள்ளே திரவம் குளிர்ந்து அமுக்கம் இறங்கும், சுவாலை தளரும். இடியப்பத் தட்டு அடுக்கி அவிக்கிற வீட்டுக்கு அது பொருந்தாது.

இனி முக்கியமான கணக்கு. ஒரு கிலோ காஸில் சுமார் 12.8 யூனிட் சூடு இருக்கிறது. 12.5 கிலோவில் 160 யூனிட். திறந்த அடுப்பில் அதில் 55 சதவீதம் சட்டிக்குள் போனால் நல்ல அடுப்பு. மீதி பக்கத்தால் அறைக்குள் போகிறது. ஆக ஒரு சிலிண்டர் சட்டிக்குத் தருவது 88 யூனிட். இன்டக்ஷன் அடுப்பு (காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டும் சூடாக்கும் மின்னடுப்பு) வாங்குகிற மின்சாரத்தில் 85 சதவீதத்தைச் சட்டிக்குள் கொடுக்கும். அதே 88 யூனிட்டைத் தர அதற்கு ஏறக்குறைய 103 யூனிட் வேண்டும்.

இதிலிருந்து ஒரு சுலபமான அளவுகோல் கிடைக்கிறது. சிலிண்டர் விலையை 103ஆல் வகுங்கள்; மனக்கணக்குக்கு 100 போதும். வருவதே சமநிலை விலை. 3,690க்கு 36 ரூபாய். 4,100க்கு 40. லிட்ரோ 2022 ஏப்ரலில் தொட்ட 4,860க்கு 47. உங்கள் மின்சாரம் யூனிட்டுக்கு இதைவிட மலிவானால் இன்டக்ஷன், கூடினால் காஸ். கண்ணாடித் தட்டுக்கு அடியில் சிவப்பாக ஒளிரும் இன்ஃப்ராரெட் அடுப்பு எந்தத் தட்டையான பாத்திரத்தையும் ஏற்கும், ஆனால் சூட்டை அதிகம் சிந்தும். அதற்கு 130ஆல் வகுக்க வேண்டும். 3,690க்கு 28 ரூபாய்தான் வருகிறது. இரண்டும் கடையில் ஒரே தட்டில் ஒரே மாதிரி இருக்கும். வாங்கும்போது காந்தம் ஒட்டும் பாத்திரம் கேட்கிறதா என்று பார்த்து வேறுபடுத்துங்கள்.

யூனிட்டுக்கு எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலோர் தவறு விடுகிறார்கள். பில் தொகையை யூனிட்டால் வகுத்த சராசரி இங்கே உதவாது. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது: மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 0–60, 61–90, 91–120, 121–180, 180க்கு மேல் என்று ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு விலை. புதிதாகச் சேரும் அடுப்பு எப்போதும் மேல்படியில்தான் போய் உட்காரும். பில்லில் படிவாரியாகப் போட்டிருக்கும் வரிகளில் கடைசி வரியின் விலையையே சமநிலை விலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மீட்டர் வாசிப்புக்கு இடைப்பட்ட நாட்கள் 30ஐவிடக் கூடினால் படிகளின் எல்லையும் அந்த விகிதத்தில் விரியும், அதையும் கவனியுங்கள்.

மாதம் 100 யூனிட் எரிக்கும் வீடு இன்டக்ஷனுக்கு 40 யூனிட் கொடுத்தால், முதல் 20 யூனிட் 91–120 படியிலும் அடுத்த 20 யூனிட் 121–180 படியிலும் விழும். முதல் இருபதில் லாபம், அடுத்த இருபதில் நட்டம் என்று வரலாம். ஏசி ஓடி ஏற்கனவே 180ஐத் தாண்டிய வீட்டில் இன்டக்ஷன் பணம் மிச்சம் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியவர்கள் 50–60 யூனிட்டுக்குள் இருப்பவர்கள். 60ஐத் தாண்டிய மாதத்தில் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழேயுள்ள யூனிட்டுகளுக்கும் வேறு விலைப்பட்டியல் வந்துவிடும், நிலையான கட்டணமும் ஏறும். மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ இரண்டு அறை வீட்டில் 55 யூனிட்டோடு இருக்கும் குடும்பம் காஸிலேயே நிற்பதுதான் புத்தி.

நேரவாரிக் கட்டணத்தில் இருக்கும் வீடுகளுக்கு கணக்கு வேறு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை. அந்த நேரம் காஸ். காலை 5.30க்கு முன் குறைந்த விலை, பள்ளிக்கூடச் சாப்பாட்டை அந்த நேரத்தில் இன்டக்ஷனில் முடிக்கலாம்.

ஒன்றை எடுத்து மற்றதை விடுவதைவிட, இரண்டையும் வேலைக்கேற்பப் பிரிப்பதே எங்கள் பரிந்துரை. தண்ணீர் கொதிக்க மின்கேத்தல், சோற்றுக்கு ரைஸ் குக்கர், தாளிப்பு, மண்சட்டி மீன்குழம்பு, தோசைக்கல் எல்லாம் காஸில். அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் இன்டக்ஷனில் வேலை செய்யாது. புதுப் பாத்திரம் வாங்கும் செலவையும் அடுப்பின் விலையோடு சேர்த்துப் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். அதைச் சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகப் போட வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் பிளக் உருகும். அடியிலுள்ள விசிறித் துவாரத்தைச் சுற்றி இடைவெளி விடுங்கள், கரப்பான் உள்ளே போய் சர்க்கியூட் போர்டைக் கெடுப்பது இங்கே அடிக்கடி வரும் பழுது. 2022 மார்ச் 31இல் 13 மணிநேர மின்வெட்டு வந்த ஊர் இது. 5 கிலோ சிலிண்டர் ஒன்றையாவது வைத்திருக்காமல் முழுக்க மின்சாரத்துக்குப் போகக் கூடாது.

மண்ணெண்ணெய் மலிவு என்ற நினைப்பு பழைய மானிய காலத்தது. திரி அடுப்பில் ஒரு லீற்றர் சட்டிக்குத் தருவது சுமார் 4 யூனிட். ஒரு பெரிய சிலிண்டருக்கு 22 லீற்றர் ஈடு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87இலிருந்து 340க்கு ஏறியபோது 22 லீற்றர் 7,480 ரூபாய். அந்த மாதம் சிலிண்டர் 4,664. இன்றைய லீற்றர் விலையை 22ஆல் பெருக்கி சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள், பதில் உடனே வரும். புகையும் கரியும் வேறு. மரக்கரி அடுப்பை மூடிய அறையில் எரிப்பது உயிர் ஆபத்து, அதை விலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எரிபொருளை மாற்றாமலே மிச்சம் பிடிக்கும் இடம் மூடி. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 12 கிராம் காஸ், 295 ரூபாய்க் கிலோவில் 4 ரூபாய்கூட இல்லை. அதே ஒரு லீற்றரை ஆவியாக வற்றவிட 89 கிராம், 26 ரூபாய். கொதித்த பிறகும் பெரிய சுவாலையில் திறந்து வைத்திருக்கும் பருப்புச் சட்டி இந்தக் காசைத்தான் கூரைக்கு அனுப்புகிறது. கொதி வந்ததும் மூடி போட்டு, சிறு குமிழி வரும் அளவுக்குச் சுவாலையை இறக்குங்கள். வேகம் குறையாது, திறந்த சட்டியில் தண்ணீர் 100 பாகைக்கு மேல் போகாது. கடலை, கௌப்பியை இரவே ஊறவைத்து பிரஷர் குக்கரில் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறையுங்கள். சுவாலை சட்டியின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறினால் அந்தத் தாண்டிய பகுதி முழுவதும் வீண்.

சுவாலை மஞ்சளாகி சட்டியடி கறுத்தால் காற்று போதவில்லை. பொங்கி வழிந்த கஞ்சி பேர்னர் துளைகளை அடைத்திருக்கும். கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதன் பிறகும் மஞ்சளாக இருந்தால் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தில் தூசியோ சிலந்தி வலையோ பாருங்கள்.

குளிக்கச் சுடுதண்ணீரை அடுப்பில் வைக்கும் வீடுகள் அதன் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு பேர், ஆளுக்கு 20 லீற்றர், 10 பாகை சூடேற்றினால் நாளுக்கு 130 கிராம் காஸ், மாதம் 4 கிலோ. பெரிய சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு! இங்கே குழாய்த் தண்ணீரே 28 பாகைக்கு அருகில் வருவதால் முதியோர், கைக்குழந்தை தவிர மற்றவர்களுக்கு இதைக் குறைக்கலாம்.

கடைசியாக, வாங்கும்போது நிறுத்துப் பாருங்கள். வெற்று எடை சிலிண்டரின் மேலே பொறித்திருக்கும். அதோடு 12.5 கூட்டினால் வர வேண்டிய எடை. வீட்டில் ஒரு தொங்கு தராசு இருந்தால் திங்கட்கிழமைகளில் நிறுத்துக் குறித்துவைக்கலாம், வாரம் எவ்வளவு எரிகிறது என்பது நாலு வாரத்தில் தெரிந்துவிடும். தீர்ந்துபோகும் நேரத்தில் சிலிண்டரைச் சாய்த்தோ சுடுதண்ணீரில் வைத்தோ எரிக்க வேண்டாம், சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும், சூடாக்கினால் உள் அமுக்கம் ஏறும். 2021 கடைசியில் நாடெங்கும் நடந்த அடுப்பு வெடிப்புகளுக்கு காஸ் கலவையின் விகிதம் மாறியதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. புரொப்பேன் கூடினால் உள் அமுக்கமும் கூடும், தளர்ந்த பொருத்து தாங்காது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் வால்வு, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனைகளிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். நுரை குமிழியிட்டால் வால்வை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு சிலிண்டரை வெளியே எடுங்கள். ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, இரு முனைக்கும் கிளிப் போடுங்கள்.