சண்டிகரில் 17ஆ, 22ஆ?

சண்டிகரில் ஒரு மாலைப்பொழுதுதான் கையில் இருக்கிறது என்றால் எங்கே கழிப்பது? இந்த நகரம் செக்டார் எனப்படும் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிந்தது. கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே திட்டமிட்ட நகர மையமான 17ஆம் செக்டாரிலா, சாலையைக் கடந்தால் வரும் 22இலா?

17இல் வண்டிகளுக்கு இடமில்லாத அகன்ற சதுக்கம், நீரூற்று, ஒரே அச்சில் வார்த்ததுபோல் நான்கடுக்குக் கான்கிரீட் கட்டடங்கள். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் மே மாத வெயிலில் அந்தத் தளம் தோசைக்கல்.

22 நகரில் முதலில் குடியேறிய செக்டார்களில் ஒன்று. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்கள் ஜேன் ட்ரூவும் மேக்ஸ்வெல் ஃப்ரையும் 1950களில் அரசு ஊழியர்களுக்காக இங்கே வீடுகள் அமைத்தார்கள். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்கள். காற்று நுழையும், வெயில் வடிந்து விழும். கொடியில் காயும் சட்டை, வாசலில் சாய்த்த சைக்கிள், சாஸ்திரி மார்க்கெட்டில் துணிக்குப் பேரம் பேசும் குரல்கள். கட்டடக்கலை படிக்க வந்தவர்கள்கூட இங்கேதான் பசியாறுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

பஸ் நிலையம் 17இல் இருக்கிறது. தங்கும் விடுதிகள் எதிரே 22இல். பையை 22இல் வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் 17க்கு நடந்து போங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், என் ஓட்டு 22க்கு.