பாரிமுனை டைப்பிங் கடை: 'ரிக்வெஸ்ட்' அடிபட்ட கதை

தம்புச்செட்டி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது கடை. போர்டில் 'ஜாப் டைப்பிங், டிராஃப்டிங், ஜெராக்ஸ், ரப்பர் ஸ்டாம்ப்' என்று இருக்கிறதே தவிர கடைக்குப் பெயர் கிடையாது. ஐகோர்ட்டில் இன்னும் இங்கிலீஷ்தான் என்பதால் அந்தப் பக்கம் இப்படிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, வக்கீல் குமாஸ்தாக்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், நம்மைப் போல ஒற்றைக் கடிதத்துக்காகப் போகிறவர்கள் ஓரமாக நிற்க வேண்டியதுதான். நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன், இரண்டு மாதம் கடைக்கு வர முடியாது. எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கணக்கில் நான் செக் கையெழுத்துப் போட வேண்டுமானால் அப்பாவிடமிருந்து ஒரு லெட்டரும், எனக்கு ஒரு ஸ்டாம்பும் வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். நானே போனில் ஒன்று எழுதி வைத்திருந்தேன். 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ டு அலவ் மை சன்' என்று ஆரம்பிக்கும். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "தம்பி, கணக்கு யாரோடது?" என்றார். அப்பாவோடது சார். "பணம்?" அதுவும்தான். "அப்புறம் அவர் எதுக்குக் கெஞ்சணும்?"

கைண்ட்லி போச்சு, ரிக்வெஸ்ட் போச்சு. அந்த இடத்தில் 'ஐ ஹியர்பை ஆதரைஸ்' வந்து உட்கார்ந்தது. 'ஹியர்பை' சும்மா அலங்காரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். கொடுப்பேன், கொடுக்கப் போகிறேன் என்ற பேச்சே இல்லை, இந்த வரியிலேயே கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். 'ஹி ஷல் சைன்' என்று நான் கெத்தாக எழுதியிருந்ததையும் 'மே' ஆக்கினார். 'ஷல்' என்றால் நான் போட்டே ஆக வேண்டும், 'மே' என்றால் போடலாம். அப்பாவுக்கு முடிகிற நாளில் அவரே போட்டுக்கொள்வார்.

பேசாமல் பவர் பத்திரமே (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிவிடலாமா என்று கேட்டேன், முறைத்தார். "ஒரு செக்குக்கு எதுக்குப் பவர்? இடம் விக்கிறதுன்னா பவர் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணும். அதுவும் பொதுவா, கொடுத்தவர் போயிட்டா பவரும் போச்சு." ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பவர் கொடுத்தான், பவரில் வாங்கினான் என்று ஏபிசிடி தெரியாதவர்கள்கூடச் சொல்கிறோம், மின்சாரத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும்கூட அதே பவர்தான்.

நிற்கிற நேரத்தில் இன்னொன்று உறைத்தது, 'ஆதரைஸ்' என்பதற்குள் 'ஆதர்' இருக்கிறார். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் 'ஆதாரிட்டி'க்கும் ஒரே லத்தீன் வேர், வளரச் செய்பவர், உண்டாக்குபவர் என்று பொருள். நம் 'ஆக்கம்' போலத்தான்: படைப்பதும் ஆக்கம், செல்வம் பெருகுவதும் ஆக்கம். பழைய புத்தக அட்டையில் எழுதியவரை 'ஆக்கியோன்' என்றுதான் போடுவார்கள். அதிகாரமும் அப்படித்தான், ஆபீசிலும் உண்டு, குறளில் 133 உண்டு. 'ரைட்டர்' மட்டும் இளப்பமா? போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரைட்டர் பேனாவை எடுத்தால்தான் அங்கே காரியமே நகரும். பாரிமுனைக்குப் பக்கத்திலேயே இருக்கிற கோட்டைக்கு 1744இல் ராபர்ட் கிளைவ் வந்து இறங்கியதும் கிழக்கிந்தியக் கம்பெனி ரைட்டராகத்தான், அதாவது குமாஸ்தா.

இப்போது குறை. லெட்டரில் 'ஆதரைஸ்' என்பதற்கு இசட் போட்டுவிட்டார், அவரே செய்து கொடுத்த 'ஆதரைஸ்டு சிக்னேட்டரி' ஸ்டாம்பில் எஸ் இருந்தது. இரண்டும் சரியான எழுத்துக்கூட்டல்தான், ஆனால் பேங்க் கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "ஒரே மாதிரி கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். 'ஆதர்' என்ற சொல்லில் இருக்கும் எச்சே மூல லத்தீன் சொல்லில் கிடையாது, நடுவில் எழுதியவர்கள் தப்பாகச் சேர்த்தது, பிறகு உச்சரிப்பும் அதன் பின்னாலேயே போய்விட்டது. அவர்களையெல்லாம் எந்தக் கவுன்ட்டரிலும் திருப்பி அனுப்பவில்லை! மறுநாள் போனேன், கடைக்காரர் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் "மன்னிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கு ஒரு ஸ்டார் கட்.

டிராஃப்டிங் 150 ரூபாய், ஸ்டாம்ப் 350. தானே மை ஊறும் வகை, அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், முதல் நாள் கடைப் பில்லிலெல்லாம் குத்திப் பார்த்தேன்.

இந்த விலைக்கு வேறு இடங்களிலும் டைப் அடித்துத் தருவார்கள், ஆனால் இவர் மறுநாள் மாற்றிய பிரின்ட் கொடுப்பதற்கு முன்பு "அப்பா எந்த பாஷையில கையெழுத்துப் போடுவார்?" என்று கேட்டார். தமிழில்தான் என்றேன். உடனே கடைசியில் ஒரு வரி சேர்த்தார், இதில் உள்ளதெல்லாம் எனக்குத் தமிழில் படித்துச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன் என்று. "வீட்டுக்குப் போய் நிஜமாவே படிச்சுச் சொல்லு, சும்மா கையெழுத்து வாங்கிட்டு வராதே" என்றார். படித்துச் சொன்னேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே இரண்டு முறை கேட்டுவிட்டு, "எவ்வளவு ரூபாய் வரைக்கும்னு போடலையே?" என்றார்.

ஆக மூன்றாவது தடவையும் போனேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள், கடை பூட்டியிருக்கும்.