ஐனோ ஆல்ட்டோவா, கார்ட்டியோவா: தினப்படி டம்ளருக்கு எது சரி?

ஃபின்லாந்தின் பழைய கண்ணாடி வடிவங்களில் நான்கை இட்டாலா நிறுவனம் இன்றும் விற்கிறது: ஐனோ ஆல்ட்டோ (1932), கார்ட்டியோ (1958), கஸ்தெஹெல்மி (1964), உல்டிமா துலே (1968). நான்கும் அழகு. ஆனால் தண்ணீரும் பாலும் ஊற்றிக் குடித்து, கழுவிக் கவிழ்த்து, அடுத்த வேளைக்கு மறுபடி எடுக்கிற டம்ளர் எது என்று கேட்டால், உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

ஐனோ ஆல்ட்டோ டம்ளரைக் கையில் எடுத்ததும் விரலுக்குத் தெரிவது வெளிப்பக்கத்து வளையங்கள். அவை வெறும் அலங்காரம் இல்லை. உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு, மேலிருந்து உலக்கை போல ஒன்றை இறக்கி அழுத்துவது செலவு குறைந்த முறை. ஆனால் அதில் குமிழ் சிக்கும், பரப்பில் லேசாக அலை விழும். வழவழப்பான டம்ளரில் இந்தக் குறைகள் பளிச்சென்று கண்ணில் படும். வளையம் வளையமாக மடிந்து இறங்கும் சுவரில் ஒளி சிதறுவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஈரக்கைக்கு நல்ல பிடியும் கிடைக்கிறது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் நல்ல வடிவம் வேண்டும் என்பதற்கு 1932-இலேயே இதை வடிவமைத்த ஐனோ ஆல்ட்டோ கண்ட தீர்வு இது. கர்ஹுலா-இட்டாலா கண்ணாடி நிறுவனம் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் இதற்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு. 1936-இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த திரியன்னாலே வடிவமைப்புக் கண்காட்சியில் தங்கப் பதக்கம்.

கார்ட்டியோவில் ஒளிக்க எதுவும் இல்லை. கீழே குறுகி மேலே விரியும் வெறும் கூம்பு, அவ்வளவுதான். நூத்தாயார்வி தொழிற்சாலைக்காக இதை வடிவமைத்த காய் ஃபிராங்க், அலங்காரத்தின் வேலையை நிறத்திடமே விட்டுவிட்டார். நிறம் மேலே பூசியது அல்ல, கண்ணாடியிலேயே கலந்தது. எத்தனை தடவை கழுவினாலும் போகாது. 1953-இல் அரபியா நிறுவனத்துக்காக அவர் செய்த கில்டா பீங்கான் வரிசையின் யோசனைதான் இங்கேயும்: முழு செட்டாக வாங்கத் தேவையில்லை, ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், எதனோடும் எது வேண்டுமானாலும் பொருந்தும். சாம்பல் டம்ளர் ஒன்று உடைந்தால் பச்சையில் ஒன்று வாங்கி வைக்கலாம், மேசை கெடாது. போருக்குப் பிந்தைய சின்னச் சின்ன வீடுகளுக்கு இது பெரிய விஷயம். மேசைக்கு வந்தால் கார்ட்டியோவை எதுவும் மிஞ்ச முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் விரல் ரேகையும் கீறலும் இதில்தான் அதிகம் தெரியும். எண்ணெய்க் கையோடு எடுத்தால் வழுக்கும்.

ஓய்வா தொய்க்காவின் கஸ்தெஹெல்மியும் ஐனோவின் தந்திரத்தையே வேறு வழியில் செய்கிறது: அச்சு சேரும் இடத்தின் தடத்தை வரிசை வரிசையான கண்ணாடி முத்துகள் மறைத்துவிடுகின்றன. தட்டாக எனக்கு ரொம்பப் பிடிக்கும். டம்ளராக, முத்துகளின் இடையில் அழுக்கு தங்குவது தொந்தரவு.

தாப்பியோ விர்க்காலாவின் உல்டிமா துலே ரகமே வேறு. ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் உருகும் பனிக்கட்டியின் பரப்பை அப்படியே கண்ணாடியில் கொண்டுவந்திருக்கிறார். அடியில் சொட்டி உறைந்தாற்போல் குட்டிக் கால்கள். ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேர் 1969-இல் நியூயார்க் விமானங்களில் இதில்தான் பானம் கொடுத்தது. விளக்கொளியில் ஐஸ் போட்டுக் குடிக்க இதற்கு ஈடு கிடையாது. ஆனால் அவசரமாகக் கழுவுகிற காலை வேளைக்கு இவ்வளவு மேடுபள்ளம் எதற்கு?

என் தேர்வு ஐனோ ஆல்ட்டோ. செயல்பாட்டு வடிவமைப்பு என்றதும் எல்லோரும் கார்ட்டியோவைக் காட்டுவார்கள், பார்வைக்கு அது எளிமை என்பதால். ஆனால் மலிவான உற்பத்தி, ஈரக்கை, குறையுள்ள கண்ணாடி ஆகிய மூன்றையும் ஒரே வளையத்தால் சமாளித்தது ஐனோதான். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு யோசிக்காமல் இதை வாங்கலாம். விருந்து மேசைக்கு நிறம் வேண்டுமென்றால், அப்புறம் ஒன்றிரண்டாகக் கார்ட்டியோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நன்றாகவே இருக்கும்.