பிரிட்டிஷ் டேங்க் மாடல்களில் மூட்டை முடிச்சுகள்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் டேங்க் ஒன்றை 1:35 அளவில் (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) செய்து, அதன் மேல் சாமான்களை ஏற்றப் போகிறீர்கள் என்றால், அந்த வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் பாருங்கள். குரோம்வெல்லில் ஐந்து பேர், சர்ச்சிலிலும் ஐந்து. மட்டில்டாவில் நான்கு. ஆறு பவுண்டர் (ஆறு பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கி வைத்த குரூசேடர் மார்க் 3இல் மூன்றே பேர். ஷெர்மன் ஃபயர்ஃப்ளையில் பதினேழு பவுண்டரின் நீளமான குண்டுகளுக்கு இடம் தேவைப்பட்டதால், முன்னால் உட்காரும் மெஷின்கன்காரரின் இருக்கையை எடுத்துவிட்டார்கள். ஆக நான்கு பேர். படுக்கைச் சுருள்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். வாங்கிய செட்டில் ஒன்பது சுருள் இருக்கிறது என்பதற்காக மூன்று பேர் வண்டியில் ஒன்பதையும் கட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கும்.

ரெசின் (அச்சில் வார்த்த பிளாஸ்டிக்) செட், எபாக்சி புட்டி (பிசைந்து வடித்தால் இறுகும் களிம்பு), டிஷ்யூ தாள், ஈயத் தகடு, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி என்று எல்லாவற்றையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். செய்த புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அலமாரியில் சில மழைக்காலங்களைக் கடந்த பிறகு எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதற்கு முன்னால், எதை ஏற்றுவது என்ற கேள்வியை முடித்துவிடலாம்.

பதில் புகைப்படத்தில்தான் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் படத் தொகுப்பை இணையத்திலேயே தேடலாம். பட எண்ணின் முன்னெழுத்தைக் கவனியுங்கள்: ஈ என்றால் வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, என்ஏ என்றால் துனீசியா, இத்தாலி, பி என்றால் 1944-45இன் வடமேற்கு ஐரோப்பா, எச் என்றால் இங்கிலாந்து. எச் வரிசையில் பயிற்சியில் ஓடும் டேங்க் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். அதே வகை வண்டியை ஈ வரிசையில் பார்த்தால் ஒரு குடும்பமே குடிபோவது போலச் சாமான் ஏறியிருக்கும். இங்கிலாந்தின் பாவிங்டன் டேங்க் மியூசியத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்துச் சாமான் வைக்காதீர்கள். கொக்கி எங்கே, வளையம் எங்கே, பெட்டியின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குத்தான் அவை உதவும்.

பாலைவன வண்டி என்றால் முதல் அடையாளம் ஃப்ளிம்சி என்கிற நான்கு காலன் தகர டின். மெல்லிய தகரம், மூலைகளில் ஒழுகும், ஒருமுறை காலியானால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் காலி டின்னைப் பாதியாக வெட்டி, மணலைப் போட்டு, பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்துத் தேநீர் போட்டார்கள். பெங்காசி பர்னர் என்று பெயரே வந்துவிட்டது. அதனால் கரி பிடித்த ஒரு வெட்டு டின் டேங்கின் பின்னால் தொங்குவது வெறும் அலங்காரமில்லை. அது அந்த நான்கைந்து பேரின் அடுப்படி. வண்டிக்குள்ளேயே தண்ணீர் கொதிக்கவைக்கும் வசதி, போர் முடியும் தறுவாயில் வந்த செஞ்சூரியன் டேங்கோடுதான் வந்தது. போர் முழுக்க இவர்கள் வெளியேதான் அடுப்பு மூட்டினார்கள்.

ஜெர்ரி கேன் (ஜெர்மானியர் வடிவமைத்த உறுதியான எரிபொருள் கேன்) விஷயத்தில் பல மாடல்கள் வழுக்குகின்றன. 1941இல் ஒரு குரூசேடரின் மேல் ஜெர்ரி கேன் இருந்தால் அது ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றியது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாம் படைக்காரர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் கேனையே அச்சு அசலாக நகலெடுத்து பிரிட்டன் செய்தது பிறகுதான். அமெரிக்கக் கேனின் அடிப்பாகம் வேறு மாதிரி மடித்து ஒட்டப்பட்டது. ஆகவே அமெரிக்க செட்டில் வரும் கேனை 1941 பாலைவனத்தில் வைத்தால் ஆண்டும் தவறு, நாடும் தவறு. கேனின் உயரம் சுமார் 47 செ.மீ.; 1:35இல் அது 13 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். சில பழைய பிளாஸ்டிக் செட்டுகளில் பக்கவாட்டுத் தையல் கோடே இருக்காது. அதை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட நல்ல செட் ஒன்றை வாங்குவது மேல்.

1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் சண்டையில் ஓடிய வண்டியைச் செய்பவர்கள் மட்கார்டு ஓரத்தில் ஓடும் கம்பியை மறந்துவிட வேண்டாம். ஆபரேஷன் பெர்ட்ராம் என்ற ஏமாற்றுத் திட்டத்தில் டேங்கை லாரி போலக் காட்ட, சன்ஷீல்டு என்ற துணி மூடி போட்டார்கள். அதைப் பிடித்துவைத்த கம்பி அது. மூடியைக் கழற்றிய பிறகு அதில் தார்ப்பாய், பை என்று எதையாவது கட்டித் தொங்கவிட்டார்கள். குரூசேடரின் பின்பக்கம் இருக்கும் 30 காலன் கூடுதல் எரிபொருள் தொட்டி, ஆபத்து வந்தால் கழற்றித் தள்ளிவிடுவதற்கானது. அதன் மேல் வலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய மாடலைப் பார்த்தால் எனக்கு உடனே அவிழ்க்கத் தோன்றும்.

1944இல் பிரான்ஸின் நார்மண்டிக்கு வந்தால் காட்சியே வேறு. டிராக் (சங்கிலிப் பட்டை) துண்டுகள் கூடுதல் கவசமாக டரட்டிலும் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) முன் தட்டிலும் ஏறிவிடுகின்றன, கனடியர்களின் ஷெர்மன்களில் சொல்லவே வேண்டாம். உருமறைப்பு வலையில் சணல் சாக்குத்துணிப் பட்டைகள் அடர்த்தியாக முடியப்பட்டிருக்கும். பதினான்கு பேருக்கு ஒரு நாள் சாப்பாடு அடங்கிய காம்போ மரப்பெட்டிகள் தென்படும். அவற்றை 1941 மட்டில்டாவில் வைக்கக் கூடாது. ஃபயர்ஃப்ளையில் ரேடியோ டரட்டுக்குப் பின்னால் ஒரு கவசப் பெட்டிக்குள் போய்விட்டதால், சாமான் பெட்டியை அந்தக் கவசப் பெட்டியின் முதுகில் மாட்டினார்கள். சர்ச்சிலில் என்ஜினுக்குக் காற்று பக்கவாட்டு வழியாகப் போகிறது. அங்கே தார்ப்பாயைத் தொங்கவிட்டால் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். குரோம்வெல்லின் பின்னால் புகையைத் திருப்பிவிடும் மூடி இருக்கும். அதன் மேலும் எதுவும் கூடாது. ஒட்டுவதற்கு முன் டரட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எல்லா ஹேட்சையும் (ஆள் ஏறி இறங்கும் மூடிகளை) திறந்து பாருங்கள். இந்தப் பழக்கம் எந்த விலையுயர்ந்த செட்டையும்விடப் பயனுள்ளது.

சரி, இனி பொருட்கள். ரெசினில் வரும் கெட்டியான சாமான்களுக்கு, அதாவது கேன், டின், மரப்பெட்டி, வாளி ஆகியவற்றுக்கு, நான் எப்போதும் ஓட்டுப் போடுவேன். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் பெயிண்ட் அடித்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. கழுவாததில் பெயிண்ட் செதிலாக உரியும். துணிச் சாமான்கள் கதை வேறு. ஒரே துண்டாக வார்த்த மூட்டைக் குவியல் எந்த வண்டிக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டதோ அதில்கூடச் சில சமயம் ஒட்டி உட்காராது, அடியில் இடைவெளி தெரியும். துணி என்றால் விளிம்பில் மடங்க வேண்டும், கொக்கி இருக்கும் இடத்தில் புடைக்க வேண்டும். இந்த மடிப்பைப் புட்டியால் மட்டுமே கொண்டுவர முடிகிறது.

நான் அதிகம் பயன்படுத்துவது வேல்ஸில் தயாராகும் மில்லிபுட். டால்கம் பவுடர் தூவி உருட்டி, முடிந்தவரை மெல்லிசாக்குங்கள். 1 மி.மீ. தடிப்பு என்றால் நிஜத்தில் மூன்றரை செ.மீ.; அப்படி ஒரு தார்ப்பாய் உலகத்தில் கிடையாது. டேங்கின் மேல் தண்ணீர் தடவி, புட்டியை வைத்து அழுத்தி, மடிப்புகளை ஈரத் தூரிகையால் இழுத்து, பாதி இறுகியதும் எடுத்துவிட வேண்டும். முழுக்க இறுகியபின் தனியாகப் பெயிண்ட் அடித்து மறுபடி அதே இடத்தில் வைத்தால் அச்சில் வார்த்ததைப் போல உட்காரும். நான் செய்தவற்றில் மிகப் பழைய சுருள்கள்கூட இன்றுவரை விரிசல் விடவில்லை.

டிஷ்யூ தாளும் பசையும் மலிவு, புட்டியைவிட மெல்லிசு. ஆனால் கடலோர ஊரின் ஈரக்காற்றில் மெதுவாகத் தளர்கிறது. மேலே மேட் வார்னிஷ் கண்டிப்பாக வேண்டும். வலைக்குக் காஸ் துணியைப் பயன்படுத்தினால் நூல் பிசிறு எழும்பித் தூசியைப் பிடிக்கும். நீர்த்த பசையில் முக்கிப் பிழிந்து வைத்தால் அடங்குகிறது. சணல் பட்டைக்குப் பதிலாகக் காய்ந்த இலைத்தூள் தூவுவது பலருடைய வழக்கம். முதல் வருடம் அழகாக இருக்கும். பிறகு நிறம் மங்கும், பூச்சியும் வரும். பெயிண்ட் அடித்த தாளை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் போடுவதே நீடிக்கிறது.

கட்டும் பட்டைகளுக்கு ஈயத் தகடு மாதிரி வளைவது எதுவுமில்லை. ஆனால் மர அலமாரியில் மூடிவைத்தால், மரத்திலிருந்து கசியும் அமிலக் காற்றில் ஈயம் வெள்ளையாகப் பூத்துப் பொடியும். இப்போது மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக அறுத்து, சூப்பர் குளூவில் நனைத்துப் பயன்படுத்துகிறேன். பக்கிள்களுக்கு மட்டும் ஃபோட்டோ எட்ச் (மெல்லிய உலோகத் தகட்டில் அரித்து எடுத்த பாகம்). கனமான ரெசின் துண்டை வெறும் சூப்பர் குளூவில் ஒட்டாமல் உள்ளே ஒரு பித்தளைக் கம்பி கொடுங்கள். அந்த ஒட்டு வருடங்கள் போகப் போக மொறுமொறுப்பாகி, ஒரு சின்ன அதிர்ச்சியில் விட்டுவிடும்.

நிறத்தில் ஒரே பச்சையை எல்லாவற்றுக்கும் பூசாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 1944இல் வண்டிகள் பழுப்பான எஸ்சிசி 2விலிருந்து (எஸ்சிசி என்பது பிரிட்டிஷ் ராணுவ நிற எண்) ஆலிவ் நிறமான எஸ்சிசி 15க்கு மாறின. அதனால் பச்சை டேங்கின் மேல் ஒரு பழைய பழுப்புப் பெட்டி இருப்பது நியாயமே. போர்வை சாம்பலாகவும், தார்ப்பாய் வெளிறியும், கித்தான் பை பச்சை கலந்த காக்கியாகவும் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு நல்ல கேன் செட், ஒரு பாக்கெட் புட்டி, ஃபோட்டோ எட்ச் பக்கிள் ஒரு தகடு வாங்கினால் போதும். வண்டிக்கென்று வார்த்த பெரிய ரெசின் குவியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வண்டியாக டாமியா நிறுவனத்தின் குரோம்வெல்லைச் சொல்வேன்: நேரான பக்கங்கள், தெளிவான பெட்டிகள், பி வரிசையில் ஏராளமான படங்கள். அதில் ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வண்டியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் செய்யுங்கள்.